பால் லாரியும் ஒரு பிடிப் புல்லும்

கப்சேரே மலைப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கப் பாலைக் குடித்து உடம்பு தேறிய பிள்ளைகளைவிட, அந்தப் பாலுக்காக அடித்துக்கொண்டு பல்லை இழந்த பெரியவர்கள்தான் அதிகம். இன்றைக்கும் அந்த மலையில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், இடைவெளியை வைத்தே எந்தச் சண்டையில் போன பல் என்று சொல்லிவிடலாம். முன்பல் இல்லையென்றால் சின்னச் சண்டை. கடைவாய் காலி என்றால் பெரிய சண்டை. இரண்டும் இல்லாதவர் இரண்டிலும் கலந்துகொண்ட மரியாதைப்பட்ட மனிதர். அவருக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முக்காலி போடுவார்கள், பிறகு கஞ்சி ஊற்றுவார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் காலையில் லாரி மலையேறி வரும். அது வருகிற முக்கலும் முனகலும் மூன்று பள்ளத்தாக்குக்குக் கேட்கும். பெட்டி பெட்டியாக முக்கோணப் பொட்டலங்களில் பால். ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து உறிஞ்ச வேண்டும். அந்தப் பாலுக்குப் பொறுப்பு கோபிலோ டீச்சர்.

கோபிலோ சாதாரணப் பெண்பிள்ளை இல்லை. அவள் தும்மினால் வகுப்பறைத் தகரம் ஒருமுறை எழுந்து உட்காரும். ஆட்டுப்பட்டிக்குள் புகுந்த சிறுத்தையை வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, "போய் வேற வீட்டைப் பாரு" என்று அனுப்பினவள். பால் வேலையை அவளிடம் கொடுத்ததற்கு அந்தப் பலம் மட்டும் காரணமில்லை. அவள் பிறந்தது மேல்சரிவில், வாழ்க்கைப்பட்டது கீழ்ச்சரிவில். இந்த இரண்டு சரிவுக்காரர்களும் ஒரே ஜனம்தான், ஒரே பேச்சுதான். ஆனால் சூரியன் முதலில் யார் பக்கம் உதிக்கிறது என்பதற்கே கட்டிப் புரளுவார்கள். அவளை இரண்டு பக்கமும் நம்பும் என்று தலைமையாசிரியர் நினைத்தார். இரண்டு பக்கமும் அவளைச் சந்தேகப்பட்டது.

தலைமையாசிரியர் செப்கோங்கா எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். பாலின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் நின்றபடியே தூங்கிவிடுவார்கள். அவர் மட்டும் பாலைத் தொடமாட்டார். குடித்தால் வயிற்றைக் கலக்கிவிடுமாம். கறுப்புத் தேநீர்தான். இது மலை முழுக்கத் தெரிந்த விஷயம்.

கோபிலோவின் முறை எளியது. பால் வீட்டுக்குப் போகக்கூடாது. பிள்ளை அவள் கண்ணெதிரில் குடித்து, காலிப் பொட்டலத்தை அவள் சாக்கில் போட்டுவிட்டு நகர வேண்டும். ஒரு நாளைக்கு மேல்சரிவுப் பிள்ளைகள் முன்னால், அடுத்த தடவை கீழ்ச்சரிவு முன்னால். மழை பெய்த வருடங்களில் இதெல்லாம் விளையாட்டு மாதிரி நடந்தது. வீட்டிலேயே குடுக்கை நிறையப் பால் இருந்த காலம் அது. பிறகு மழை பொய்த்தது. பசுக்களின் மடி காலிச் சுருக்குப்பை மாதிரித் தொங்கியது. பிள்ளைகளின் தலைமயிர் செம்பட்டையாகித் தொட்டால் கையோடு வந்தது. லாரிப் பால் ஒன்றுதான் மிச்சம். அதைக் குடித்துக் குடித்து, முதல் வகுப்புப் பிள்ளைகளின் உச்சியில் மறுபடி கறுப்பு மயிர் முளைக்க ஆரம்பித்ததைக் கோபிலோ தினமும் தடவிப் பார்ப்பாள். மற்றவர்கள் வானத்தில் மேகம் தேடினார்கள். அவள் அந்தத் தலைகளில் தேடினாள்.

அந்த நேரத்தில்தான் பால் குறைய ஆரம்பித்தது. லாரியில் சரியாக வரும். பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுப்பார்கள். இடைவேளையில் திறந்து கொடுத்தால், வரிசையின் கடைசியில் நிற்கிற பிள்ளைகளுக்கு இருக்காது. மேல்சரிவு முன்னால் நின்ற நாளில் கீழ்ச்சரிவுப் பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும்; அடுத்த தடவை மேல்சரிவுப் பிள்ளைகள் அழும். இரண்டு சரிவிலும் தாய்மார்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இரட்டிப்பாக வாங்கிக் குடிக்கின்றன, டீச்சர் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

முதல் சண்டை பள்ளிக்கூடத்து வாசலில் நடந்தது. மேல்சரிவு கபோனும் கீழ்ச்சரிவு தர்கோக்கும் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்துச் சுற்றிய வேகத்தில் தூசு கிளம்பி, எதிர் மலையில் மழை வருகிறதென்று துணி எடுத்தார்கள். கபோன் கடித்த கடியில் தர்கோக்கின் காது மடல் கிழிந்தது. தர்கோக் விட்ட குத்தில் கபோனின் முன்பற்கள் வாசலிலேயே தங்கிவிட்டன. கடைசியில் கீழே விழுந்த கபோன் வாசலோரத்தில் கைக்கு அகப்பட்ட புல்லைப் பிடுங்கி உயர்த்தினாள். அவ்வளவுதான், ஓங்கிய கை அப்படியே இறங்கியது. தரையிலிருந்து பச்சைப் புல்லைப் பிடுங்கிக் கையில் பிடித்தவரை அதற்கு மேல் தொடக்கூடாது. தொட்டால் தொட்டவரின் மாடு ஒவ்வொன்றாகச் செத்து விழும். இது அந்த மலையில் குழந்தைக்கும் தெரியும்.

"பிழைச்சுப் போ. உன் பல்லை எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் தர்கோக்.

"நீ வச்சுக்கடி. உன் புருஷனுக்கு இல்லாததுதானே" என்றாள் கபோன், புல்லைக் கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு.

இது பால் இலாகாவின் காதுக்குப் போனது. முலோங்கோ என்ற இளம் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மேற்கு மாவட்டத்து ஆள், மூக்குக்கண்ணாடி, புதுக் காலணி. இன்னொரு தடவை சண்டை என்று கேள்விப்பட்டால் லாரி இந்த மலையில் நிற்காது, பக்கத்து மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும் என்று சொன்னார். அடுத்த லாரியோடு தானே வருவதாகவும், ஊரைக் கூட்டிச் சமாதானம் பேசி முடித்தால்தான் பெட்டி இறங்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு கோபிலோவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கணவன் தூரத்து நகரத்தில் போலீஸ்காரன். அவன் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மேல்சரிவுக்குத் தலைவன் அவளுடைய அண்ணன் காண்டியே. கீழ்ச்சரிவுக்குத் தலைவன் அவளுடைய கொழுந்தன் பார்தோன்ஜோ. இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்துக் கெஞ்சினாள்.

"நான் வாயே திறக்கமாட்டேன் கோபிலோ. அந்த எருமை சும்மா இருந்தா நானும் சும்மா இருப்பேன்" என்றான் அண்ணன்.

"நான் சும்மாதான் இருப்பேன் அண்ணி. உங்க அண்ணன் மூச்சு விடாம இருந்தா போதும்" என்றான் கொழுந்தன்.

ஊரே செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. அதை அன்றைக்கு யாருமே யோசிக்கவில்லை. பஞ்சம் தொடங்கினதிலிருந்து தலைமையாசிரியர் ஒரு உத்தரவு போட்டிருந்தார்: பள்ளிக்கூட வளாகத்தில் ஒரு புல் இருக்கக்கூடாது, பாம்பு வரும். காலையில் பிள்ளைகள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வேரோடு பிடுங்கி, கூடையில் போட்டுத் தலைமையாசிரியர் வீட்டு முள்வேலிக்கு மேலே உள்ளே வீச வேண்டும். அங்கே அவருடைய பசு ஒன்று கன்றோடு நின்றது. பாவம், எவ்வளவு புல் போட்டும் அது பஞ்சத்தில் செத்துப்போனது. கன்றும் பிழைக்கவில்லை என்றார். இரண்டு சரிவும் திரண்டு போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தது. பெண்டாட்டி செத்தவனுக்கு ஒரு நாள், பசு செத்தவனுக்கு மூன்று நாள் துக்கம் கேட்கிற ஊர் அது. உத்தரவு மட்டும் மாறவில்லை. மைதானம் சவரம் செய்த தலை மாதிரிப் பளபளத்தது. வேலிக்கு வெளியே மிச்சமிருந்ததை ஆடுகள் வேரோடு தின்று தீர்த்திருந்தன. இப்படிப்பட்ட இடத்தில்தான் சமாதானக் கூட்டம் போட்டார்கள்.

லாரி வாசலில் நின்றது. பெட்டிகள் பின்னால் அடுக்கியபடியே இருந்தன. பிள்ளைகளை வகுப்பறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் கம்பிக்குக் கம்பி முகம் முளைத்தது. பெண்கள் பின்னால் நிற்க, ஆண்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள். சமாதானத்துக்கு வந்தவர்கள் என்பதால் ஆளுக்கு ஒரு குண்டாந்தடி மட்டும்தான் கொண்டுவந்திருந்தார்கள். வில்லை வீட்டில் விட்டுவிட்டு வந்த பெருமிதம் முகத்தில் தெரிந்தது.

முலோங்கோ எழுந்து ஒற்றுமையைப் பற்றி அழகாகப் பேசினார். செப்கோங்கா கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு பாலின் பெருமையைச் சொன்னார். யாரோ கொட்டாவி விட்டார்கள். எல்லாம் நல்லபடி முடிந்துவிடும் போலிருந்தது. கோபிலோ லாரியின் பின்கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்று பார்தோன்ஜோ எழுந்தான். எழுந்தபோது அவன் நிழல் பாதிக் கூட்டத்தின்மேல் விழுந்தது. "மச்சான், உங்க பக்கத்துப் பிள்ளைங்க வரிசையில நிக்கும்போது ரெண்டு கைதான் இருக்கு. பால் வாங்கும்போது மட்டும் எப்படி நாலாகுது?"

"எங்க பிள்ளைங்களுக்கு நாலு கை, மாப்பிள்ளை. உங்க பிள்ளைங்களுக்கு வாய் மட்டும்தான்" என்றான் காண்டியே, உட்கார்ந்தபடியே. "பெத்தவனைப் பார்த்தாலே தெரியுதே."

மேல்சரிவு சிரித்தது. கோபிலோ, "தம்பி, உக்காருங்க" என்றாள். அவன் உட்காரவும் குனிந்தான். பாதி குனிந்தவன் நின்றுவிட்டான்.

"அடுத்தவன் தேன்கூட்டை இறக்கித் தின்ன வம்சம் பாலையா விட்டுவைக்கும்" என்றான்.

அந்த மலையில் ஒருவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தேன்கூட்டை மட்டும் இழுக்கக்கூடாது. கொட்டாவி விட்டவன் வாயை மூடினான். காண்டியே நிதானமாக எழுந்து, மேல்துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தடியை இரண்டு கையாலும் ஓங்கிப் பார்தோன்ஜோவின் உச்சந்தலையில் இறக்கினான். உடைந்தது தடி. பார்தோன்ஜோ கண்ணைச் சிமிட்டினான், அவ்வளவுதான். நெற்றியில் ஒரு கோடாக ரத்தம் இறங்கி மூக்கு நுனியில் சொட்டியதும், அதை நாக்கால் நக்கிப் பார்த்துவிட்டு, மச்சானை இடுப்போடு தூக்கிப் பெஞ்சின்மேல் அடித்தான். பெஞ்சு இரண்டாயிற்று.

அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. தடிகள் மண்டையில் விழுந்த சத்தம் கல்லில் சுரைக்குடுக்கை உடைகிற மாதிரிக் கேட்டது. பெஞ்சுக் கால்கள் பறந்தன. ஒருவனின் முழங்கை மடங்க வேண்டிய பக்கத்துக்கு மாறாக மடங்கியது. அவன் இன்னொரு கையால் அடித்துக்கொண்டே அலறினான். ஒருத்தி உகாலிக் களி கிண்டும் மரக்கரண்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள், சரிவு பார்க்காமல். முலோங்கோ "ஐயா, தயவுசெய்து" என்று நடுவில் புகுந்தார். அவருடைய கண்ணாடி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். தவழ்ந்து போய் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டார். பெட்டிகளைப் பிடுங்க வந்த இரண்டு பேரைக் கோபிலோ ஒரே கையால் சேர்த்துப் பிடித்துத் தலையோடு தலை மோதவிட்டாள். அவர்கள் சரிந்து விழுந்து அங்கேயே தூங்கினார்கள்.

போதும் என்று ஆனவர்கள் கீழே விழுந்து புல்லைத் தேடினார்கள்.

அப்போதுதான் உறைத்தது. தரையைப் பிறாண்டிய கைகளில் செம்மண்தான் வந்தது. நகம் பிய்ந்தது, புல் வரவில்லை. அடிக்கிறவன் தானாக நிறுத்திக்கொள்ளலாமே என்றால், முடியாது. புல்லைக் காணாமல் கையை இறக்கினவன் பயந்தாங்கொள்ளி என்ற பேர் அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் வந்து பந்தியில் உட்காரும். ஆக, அடித்தவன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று, அடிபட்டவன் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

ஒருவன் பள்ளிக்கூடத்துத் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "புல்லு, புல்லு. பாரு, இது புல்லுதான்."

"அது துடைப்பம்" என்றான் அடித்துக்கொண்டிருந்தவன், மூச்சு வாங்கியபடி.

"துடைப்பம் எதுலடா பண்றாங்க?"

"செத்த புல்லு. செல்லாது." ஒரு அடி. "வேற ஏதாவது தேடு, நான் மெதுவா அடிக்கிறேன்."

சிலர் சமையல்கொட்டகைக் கூரையில் ஏறி வைக்கோலை உருவினார்கள். அதுவும் செத்த புல் என்று கீழேயிருந்தவர்கள் தீர்ப்புச் சொல்லி, இறங்க இறங்க அடித்தார்கள். கொட்டகை கொஞ்ச நேரத்தில் எலும்புக்கூடாக நின்றது.

கோபிலோ கூட்டத்தைப் பார்த்தாள். நடுவில், அண்ணன் மல்லாந்து கிடந்தான். அவன் மார்மேல் பார்தோன்ஜோ உட்கார்ந்து, அடுப்புக்கல் ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தான். கல் ஒரு ஆட்டுக்குட்டி கனம்.

"மச்சான், புல்லைப் பிடிங்க" என்று கெஞ்சினான் பார்தோன்ஜோ.

"எங்கடா இருக்கு புல்லு?" காண்டியேயின் வாயிலிருந்து ரத்தக் குமிழி வந்தது. ஒரு கை முறிந்து பக்கத்தில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. மற்றக் கை மண்ணைத் துழாவியது.

"சீக்கிரம் மச்சான். கை வலிக்குது. ரொம்ப நேரம் தாங்காது."

"அப்ப போட்டுத் தொலை. கெஞ்சாதே, அசிங்கமா இருக்கு."

கோபிலோ கல்லைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

"தொடாதீங்க அண்ணி" என்றான் அவன். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. "பொம்பளை வந்து காப்பாத்தினாள்னா ரெண்டு பேருமே தூக்குப் போட்டுக்கணும். புல்லு கொண்டாங்க."

அவள் ஓடினாள். வளாகம் முழுவதும் ஓடிய கண்ணுக்கு ஒரே சிவப்பு. தலைமையாசிரியர் வீட்டு முள்வேலி மட்டும் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. பிடுங்கின புல்லையெல்லாம் அங்கேதானே வீசினார்கள், ஏதாவது வேர் பிடித்திருக்காதா. வாசலைத் தேடிச் சுற்ற நேரமில்லை. கோபிலோ தலையைக் குனிந்துகொண்டு வேலிக்குள் நேராகப் பாய்ந்தாள். முள் அவள் தோளிலிருந்து முழங்கை வரை தோலை உரித்தது. காதில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. மறுபக்கம் விழுந்தபோது அவள் முகம் பச்சையில் பதிந்தது.

புல். முழங்கால் உயரப் புல். சாணமும் மூத்திரமும் கழுவின தண்ணீரும் சேர்ந்து பஞ்சகாலத்தில் அங்கே ஒரு மழைக்காலமே வளர்ந்திருந்தது. அதன் நடுவில், வெண்ணெய் தடவி வைத்த மாதிரி மினுமினுக்கிற ஒரு கன்று. கழுத்தில் மூன்று மடிப்பு. செத்துப்போனதாகச் சொன்ன கன்று. பசித்தால்தானே கத்தும், அது ஒரு நாளும் கத்தியதில்லை. முழங்கால் உயரப் புல்லில் நின்றும் ஒரு நுனியைக்கூட அது கடித்திருக்கவில்லை. பாலிலேயே வளர்ந்து கெட்டுப்போன நாக்கு. பக்கத்தில் சாமான் அறையின் பின்சுவரை ஒட்டி, முனை வெட்டிய முக்கோணப் பொட்டலங்கள் அவள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன.

கோபிலோவுக்கு அந்தக் கன்றின் கழுத்தை அங்கேயே திருகிவிடத் தோன்றியது. அண்ணன் ஞாபகம் வந்தது. இரண்டு கை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பப் பாய்ந்தாள். முள்ளுக்கு இரண்டாவது பந்தி.

பார்தோன்ஜோவின் கைகள் காற்றில் ஆடுகிற கிளை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. கல் வழுக்க ஆரம்பித்திருந்தது. அவள் வழுக்கி விழுந்து அண்ணனின் நல்ல கையில் புல்லைத் திணித்தாள். காண்டியே அதை உயர்த்தினான். அதே நொடியில் பார்தோன்ஜோ ஒரு கத்துக் கத்திக் கல்லைப் பக்கவாட்டில் வீசினான். அது போய் லாரியின் ஒரு விளக்கைக் குருடாக்கியது. பிறகு அவன் மச்சானின் மார்மேலேயே தலையைச் சாய்த்துத் தேம்பினான்.

"இறங்கித் தொலைடா. மூச்சு முட்டுது" என்றான் காண்டியே.

பச்சையைக் கண்டதும் மைதானமே கையை நீட்டியது. கோபிலோ இரண்டிரண்டு தாளாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே போனாள். போன இடமெல்லாம் சண்டை அணைந்தது. கடைசியில் முனகல் மட்டும் மிச்சம். அப்போது கபோன் தன் கையிலிருந்த புல்லை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இந்தப் பஞ்சத்துல இவ்வளவு கொழுத்த புல்லு எங்கேருந்து டீச்சர்?"

கோபிலோ மிச்சப் புல்லை இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பப் போய், இந்தத் தடவை வேலியையே காலால் உதைத்துத் திறந்து, கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் இறக்கினாள். காலிப் பொட்டலங்களை ஒரு கூடை அள்ளி அதன் காலடியில் கொட்டினாள்.

செப்கோங்காவின் கோட்டுப் பித்தான் அறுந்து விழுந்தது.

ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் பொட்டலங்களை அவர்கள் பார்க்கவில்லை.

"என்ன உடம்புடா" என்றான் ஒருவன், வீங்கிய கண்ணைக் கையால் திறந்து பிடித்துக்கொண்டு.

"முதுகைப் பாரு. தண்ணி ஊத்தினா வழியாது" என்றான் பார்தோன்ஜோ.

காண்டியே முறிந்த கையோடு எழுந்து வந்து கன்றின் தாடையைத் தடவினான். "தாயில்லாத கன்னு, பாவம். மனுஷன் வேற என்னதான் பண்ணுவான்?"

சில தலைகள் ஆமோதித்து அசைந்தன. அங்கேதான் ஆண்கள் இரண்டாவது தப்பைச் செய்தார்கள்.

தர்கோக் முதலில் எழுந்தாள், கிழிந்த காது மடலோடு. அவளுக்கு வலப்பக்கம் கபோன் வந்து நின்றாள், முன்பல் இல்லாமல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. மரக்கரண்டி, உலக்கை, பெஞ்சுக் கால், தண்ணீர்க் குடுக்கை, அகப்பட்டதெல்லாம் கைக்கு வந்தது. புல்லைக் கீழே போட்டுவிட்டுக் கன்றைத் தடவிக்கொண்டிருந்த ஆண்களைச் சுவரோரம் வரை விரட்டி அடித்துவிட்டு, அதன் பிறகு தலைமையாசிரியரிடம் வந்தார்கள். அவர் ஓடினார். கோட்டு வாலைப் பிடித்து இழுத்ததில் கோட்டு இரண்டாகக் கிழிந்தது. அந்தக் கோட்டுக்குள் சட்டையே இல்லை என்பதை மலை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

விழுந்த அடி விவரிக்க முடியாதது. அடுத்த மழைக்காலம் வரை அவர் உட்காராமலேயே பாடம் நடத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளலாம். அவர் நாலு காலில் தவழ்ந்தார். இரண்டு கையாலும் தரையைத் தேடினார். அவரே பிள்ளைகளை வைத்து வேர்கூட மிஞ்சாமல் பிடுங்கவைத்த தரை. வழவழவென்று இருந்தது.

"புல்லு. யாராவது புல்லு கொடுங்கம்மா."

கோபிலோ வந்து அவர்முன் குந்தினாள். இடுப்பிலிருந்து ஒற்றைத் தாளை உருவி, அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"ஆபீசர் காது கேக்க சொல்லுங்க சார். பால் எங்கே போச்சு?"

"கன்னுக்குத்தான் டீச்சர். ஒரு துளி நான் குடிச்சிருந்தா என் நாக்கு அழுகட்டும்." முதுகில் ஒரு அகப்பை விழுந்தது. "தாய் செத்த அன்னைக்கு அது என்னைப் பார்த்த பார்வை இருக்கே. அந்தக் கண்ணைப் பார்த்தா நீங்களும் கொடுத்திருப்பீங்க."

"வரிசைக் கடைசியில நின்ன பிள்ளைங்களும் கண்ணு வச்சிருந்தாங்களே சார்."

அவர் ஜன்னலில் வரிசையாகத் தெரிந்த முகங்களைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். கோபிலோ இன்னும் இரண்டு அடி விழும் வரை காத்திருந்துவிட்டுப் புல்லை அவர் விரலில் வைத்தாள்.

லாரிக்கு அடியிலிருந்து முலோங்கோ வெளியே வந்தார். ஒரு காலணி காணவில்லை. கீழ் உதடு பப்பாளிப்பழம் மாதிரி இருந்தது. "வண்டியை எடு" என்றார் டிரைவரிடம். "பக்கத்து மலைக்கு."

கோபிலோ ஓடினாள். லாரியின் முன்னால் போய் நின்றாள். கிழிந்த கைகளிலிருந்து ரத்தம் விரல் நுனிக்கு வந்து சொட்டியது. "சார், திருடன் அகப்பட்டாச்சு. இனிமே சண்டைக்கு என்ன இருக்கு?"

"இன்னொரு சண்டை வந்தா லாரி கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா? இதுக்குப் பேரு என்ன, கல்யாணமா?"

அதற்குள் பின்னால் யாரோ, "ஆபீசர் போறாரு, விடாதே" என்றார்கள். பெண்கள் திரும்பினார்கள். அகப்பைகள் திரும்பின. முலோங்கோவின் முகம் சுண்ணாம்பாயிற்று. கோபிலோ இடுப்பிலிருந்த கடைசிப் பிடியை உருவி அவர் கையில் வைத்து, அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தாள். கூட்டம் சட்டென்று நின்றது.

"என்ன இது?" என்றார் அவர், கையைத் தாழ்த்த யோசித்து, தாழ்த்தாமல்.

"புல்லு சார். கீழே போட்டுடாதீங்க. கையில இருக்கிறவரை உங்களை யாரும் தொடமாட்டாங்க."

"சரி. நன்றி."

"ஆனா புல்லைப் பிடிச்சவரும் சண்டை போடக்கூடாது சார். அதுவும் சட்டம்தான். பாலைத் திருப்பிக் கொண்டுபோறது சண்டைதானே? அப்படின்னா புல்லு செல்லாது." பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க."

"செல்லாது" என்றாள் கபோன், பல் இல்லாத வாயால்.

"செல்லவே செல்லாது" என்றாள் தர்கோக், உலக்கையை மற்றத் தோளுக்கு மாற்றியபடி.

முலோங்கோ புல்லைப் பார்த்தார், உலக்கையைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஏற்கனவே இறங்கிப் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தான், அவன் உள்ளூர்க்காரன்.

"சாமான் அறை வேண்டாம்" என்றார் அதிகாரி பெருமூச்சோடு. "இறக்கின இடத்துலேயே கொடுத்துடுங்க டீச்சர். என் கண்ணுக்கு முன்னால. கண்ணாடியை யாராவது எடுத்துக் கொடுத்தா நல்லா இருக்கும்."

கதவு திறந்தது. பிள்ளைகள் வந்து, மேல்சரிவு ஒன்று கீழ்ச்சரிவு ஒன்று என்று மாற்றி மாற்றி நின்றார்கள். அடிபட்டுக் கிடந்த தகப்பன்மார்களைத் தாண்டித்தான் வரிசை போக வேண்டியிருந்தது. ஒரு பொட்டலம் கொடுத்து ஒரு தலையைத் தடவினாள் கோபிலோ. அவள் கை ரத்தம் சில உச்சிகளில் ஒட்டியது. கடைசிப் பிள்ளைக்கும் பால் கிடைத்தது. அந்தக் கடைசிப் பிள்ளை, தர்கோக்கின் சின்ன மகள், பொட்டலத்தை உடனே கிழிக்காமல் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் கன்று வந்து நின்றது. வரிசை என்றால் அதற்கும் தெரிந்திருக்கிறது. கழுத்தை நீட்டி அந்தப் பிள்ளையின் கையிலிருந்த பொட்டலத்தைக் கவ்வப் போனது.

கோபிலோ அதன் மூக்கில் விட்ட அறை எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. கன்று பின்னங்காலில் உட்கார்ந்துவிட்டது. அவள் மறுபடி கையை ஓங்கினாள். கன்று தலையைத் தாழ்த்தியது. யாருடைய கையிலிருந்தோ விழுந்து மண்ணில் கிடந்த புல்லை, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வாயில் கவ்விக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அது பிடுங்கின புல்லு இல்ல, பொறுக்கின புல்லு" என்றான் பார்தோன்ஜோ சுவரோரத்திலிருந்து. "செல்லுமா மச்சான்?"

"கன்னுக்குக் கையா இருக்கு பிடுங்க? செல்லும்" என்றான் காண்டியே.

"எப்படிச் செல்லும்?"

"உனக்கு ஒரு தடவை சொன்னா புரியாதாடா?"

காண்டியே நல்ல கையால் பக்கத்தில் கிடந்த பெஞ்சுக் காலைத் தேடினான். கோபிலோ ஓங்கின கையைக் கன்றிடமிருந்து எடுத்து, அப்படியே அண்ணன் பக்கம் திருப்பினாள்.